தொடக்கநிலைப் பயிற்சியைத் தொடக்கத்திலிருந்து நடத்துங்கள்: சமூக ஊடகப் பயிற்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

பதிப்பாளர்களுக்காகப் போன மாதம் நீங்கள் சென்னையில் நடத்திய சமூக ஊடகப் பயிற்சிக்கு ராமநாதபுரத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தோம். அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். முழுக்கத் திரும்பச் சொல்லப்போவதில்லை. எங்களில் மூத்தவருக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

அவர் கீழக்கரைக்காரர். வயது 68. நாங்கள் எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பது. அச்சகம் வைத்திருக்கிறார், கூடவே சின்னதாக ஒரு பதிப்பகம். ஊர் வரலாறு, மார்க்க நூல்கள், அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், இருந்த பழைய பாடல்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிப் போட்டவை என்று அவர் கொண்டுவந்த புத்தகங்களை வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். காலை அமர்வில், விளம்பரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து கேட்டார்: "தம்பி, ஃபேஸ்புக்ல எம்பேர்ல இருக்கிற கணக்கும், பதிப்பகத்துக்குன்னு தனியா ஒரு பக்கம் ஆரம்பிக்கிறதும் ஒண்ணா, வேறயா?"

"அதெல்லாம் பேசிக் சார். வீட்டுல பசங்ககிட்ட கேட்டுக்கோங்க" என்றார் பயிற்சியாளர். அரங்கில் சிலர் சிரித்தார்கள். காக்கா உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை அவர் வாயே திறக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, பக்கத்துக்கு அந்த வரம்பு இல்லை. பக்கத்தை இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பதிவு எத்தனை பேரிடம் போனது என்பதும் தெரியும். இதைச் சொல்ல மனமில்லை என்றால் அழைப்பிதழில் 'தொடக்கநிலைப் பயிற்சி' என்று ஏன் போட்டீர்கள்? அந்த ஒரு சொல்லை நம்பித்தான் 500 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தோம்.

திரும்பும்போது எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் காக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். புதுப் புத்தகத்தின் பின்னட்டை வாசகத்தை ஃபேஸ்புக்கில் போட அவர் பல மாதமாக முயன்றிருக்கிறார். பக்கம் வடிவமைத்த கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பையாக வந்து விழுகிறது. போனில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு போனையே மாற்றியிருக்கிறார். கோளாறு போனில் இல்லை. அவர் அச்சகத்தில் இன்னும் பாமினி எழுத்துருதான். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள். தாளில் அச்சாகும்போது தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத போனுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துதான். எல்லாப் போனுக்கும் புரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் சரியாகிவிடும், அதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன.

பெஞ்சில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அட்டைப் படத்தோடு அவரே பதிவிட்டார். ரயில் விழுப்புரம் தாண்டுவதற்குள் துபாயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து குரல் செய்தி: "காக்கா, இது எங்க வாப்பா பேசுற பேச்சு மாதிரியே இருக்கு. அஞ்சு காப்பி எடுத்து வைங்க." காக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அன்று பகல் முழுக்க உங்கள் அரங்கில் அவருக்குக் கிடைக்காதது பெஞ்சில் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கரையோரமாகப் போய்ப் பாருங்கள், புத்தகத்துக்கென்று எத்தனை கடை இருக்கிறது என்று. எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். சென்னைப் பதிப்பகத்துக்குச் சமூக ஊடகம் கடைக்கு மேலே ஒரு விளம்பரப் பலகை. எங்களுக்கோ கடையே அதுதான். பாம்பனில் ஒரு பெரியவர் வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் என்ன வித்தியாசம், எந்தக் காற்றில் எந்த மீன் என்று சொன்னதை 40 விநாடிக் காணொளியாகப் போட்டேன். கடல் காற்றுகள் பற்றி நாங்கள் போட்ட புத்தகம் அதுவரை விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்தது, அதற்குப் பிறகுதான் வெளியே போனது. ஆனால் அந்தக் காணொளிக்குக் கீழே வாங்குவதற்கான சுட்டியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். இன்ஸ்டாகிராமில் பதிவின் வாசகத்துக்குள் போடும் சுட்டி திறக்காது, அதை நம் விவரக்குறிப்பில் போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாட்ஸப் பிசினஸ் இலவசம், அதில் ஒவ்வொரு புத்தகத்தையும் விலையோடு பட்டியலாக வைக்கலாம் என்பதும் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அவர்களிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும் என்பதும் தெரியாது. தொண்டியில் ஒரு நண்பர், யாரோ கேட்டார்கள் என்று, வாட்ஸப் கணக்கைத் திறப்பதற்காகப் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டார். எட்டு வருடமாகச் சேர்த்த வாசகர் தொடர்பு அத்தனையும் ஒரே மதியத்தில் போனது. அந்த எண்ணோடு நாம் வைத்த ரகசிய எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதல் நாளே வைத்திருந்தால் அது நடந்திருக்காது. இவையெல்லாம்தான் தொடக்கம். இவற்றைத் தாண்டிவிட்டு நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

பதிப்புத் துறைக்கென்று எது நடந்தாலும் சென்னையில்தான் நடக்கிறது. கூட்டம் அங்கே, பயிற்சி அங்கே, நூல் கொள்முதல் பற்றிய செய்தியும் அங்கே இருப்பவர்களின் காதுக்குத்தான் முதலில் போகிறது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலையையும் இரண்டு இரவுத் தூக்கத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும். வந்தால் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள். காக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் சவூதியில் இருக்கிறார்கள். சரி, இந்த மனக்குறைகளை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தொடக்கநிலைப் பயிற்சியை ராமநாதபுரத்தில் நடத்துங்கள். தமிழில் நடத்துங்கள். திரையில் படம் காட்டுவதோடு நிறுத்தாமல், அவரவர் போனை அவரவர் கையில் வைத்துக்கொண்டு கணக்குத் தொடங்குவதிலிருந்து செய்து பார்க்க வையுங்கள். பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். எந்தக் கேள்விக்கும் 'அதெல்லாம் பேசிக்' என்று பதில் சொல்லாத ஒருவரை அனுப்புங்கள். விளம்பரச் செலவு பற்றி அடுத்த கட்டத்தில் பேசினால் அதையும் கட்டாயம் கேட்டுக்கொள்வோம்.

இதுவரை 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பதிப்பாளர்கள், அச்சகக்காரர்கள், சொந்தமாகப் புத்தகம் போட்ட நான்கு எழுத்தாளர்கள். இடமும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த எழுத்தாளர்களில் இரண்டு பேர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள், அப்போதுதான் அவர்கள் கரையில் இருப்பார்கள். அந்த 61 நாட்களுக்குள் உங்களுக்குத் தோதான இரண்டு நாட்களைத் தயவுசெய்து சொல்லுங்கள். காக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு சிறு பதிப்பாளர்