அரபிக்கடலில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகன் சேவியருக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஜூலை மாதப் பணத்தை இரண்டு முறை அனுப்பியிருக்கிறாய். தங்கச்சி கேட்டதற்கு, ‘அப்படியா, சரி’ என்று ஒற்றை வரி. சில்லறைக்குக்கூடக் கணக்குக் கேட்கிற பிள்ளை நீ. பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் பேசவில்லை. கப்பலில் சிக்னல் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாந்தி எடுப்பவனைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதில்லை. இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவான். வாந்தியே எடுக்காமல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகிறவனைத்தான் கவனிப்போம். நீ விட்டுப்போன புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. காதின் உட்பகுதி ஆட்டத்தைச் சொல்ல, கண்ணோ அறை அசையவில்லை என்கிறதாம். குமட்டல் இல்லாமலே தூக்கமும் மந்தமும் மட்டும் வரலாமாம். 1976இல் அதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் மிக மோசமாம்.

உனக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில் செகண்ட் ஆபிசர் ஆனவன் நம் தெருவில் யார்? ஆனால் நள்ளிரவு 12 முதல் 4 வரை கப்பல் உன் பொறுப்பு.

ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. அடிவானத்தைப் பார். இரவில் தெரியாதுதான், காற்றாவது முகத்தில் படட்டும். கோர்ஸ் எண்ணை, அதாவது கப்பல் போகவேண்டிய திசையின் எண்ணை, எழுதிவைத்து வாய்விட்டுப் படி. சுக்கான் பிடிப்பவனைத் திருப்பிச் சொல்லச் சொல். 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு என்று தாளில் கையெழுத்துப் போட்டால் ஆயிற்றா? கட்டில் உருட்டினால் உடம்பு இரவெல்லாம் எதையோ பிடித்துக்கொண்டே கிடக்கும். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைப் ஜாக்கெட்டைச் செருகிச் சுவரோடு ஒடுங்கிப் படு. திரையையே பார்க்காதே.

கேப்டனிடம் சொல்ல என்ன வெட்கம்? இங்கிலாந்துக் கடற்படையின் அட்மிரல் நெல்சனுக்கே கடல் ஒத்துக்கொண்டதில்லை. அப்பனிடமும் சொல்லமாட்டாய், கேப்டனிடமும் சொல்லமாட்டாய். அம்மா பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

மாத்திரை ஏதும் போடுகிறாயா? பல மாத்திரைகள் குமட்டலை நிறுத்திவிட்டுத் தூக்கத்தைக் கொண்டுவரும். இரவு வாட்ச் பணிக்கு முன் போடாதே. பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அனுப்பு. தங்கச்சி டாக்டரிடம் கேட்டுச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா