கடலூர் வட்டார இரும்புப் பட்டறையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டறை நடத்தும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பெருந்தொற்றில் நாம் பறிகொடுத்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துகிறேன்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது நம் பட்டறைகளை ஒரே நாளில் பூட்டிவிட்டோம். தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையை அப்படி அணைக்க முடியாது, உள்ளிருக்கும் இரும்பு இறுகினால் உலையே பாழாகிவிடும் என்பதால், பெரிய ஆலைகள் உற்பத்தியைக் குறைத்து உலையின் சூட்டைக் காத்துவந்தன. உள்நாட்டில் வாங்க ஆளில்லாத அந்த மாதங்களில் நம் உருக்கு கப்பலேறிச் சீனாவுக்குச் சென்றது. முந்தைய ஆண்டில் சுமார் 10.9 கோடி டன்னாக இருந்த நாட்டின் கச்சா உருக்கு உற்பத்தி 2020–21இல் 10.3 கோடி டன்னை ஒட்டி நின்றது. அத்தனை பெரிய முடக்கத்துக்குப் பின்னும் சரிவு இவ்வளவுதான் என்பது ஆலைத் தொழிலாளர்களுக்குப் பெருமையே. ஆயினும் அந்த மீட்சி நம் பட்டறை வாசலுக்கு விலையேற்றமாகவே வந்து சேர்ந்தது.

2020 நடுவில் டன் ரூ. 37,000 அளவில் விற்ற எச்.ஆர். தகடு (சூட்டில் உருட்டித் தட்டிய உருக்குத் தகடு) 2021 தொடக்கத்தில் ரூ. 55,000ஐத் தாண்டியது. ஒடிசாவில் பல இரும்புத் தாதுச் சுரங்கங்களின் குத்தகை 2020 மார்ச் 31உடன் முடிந்து, ஏலத்தில் கைமாறியதால் தாது வரத்து குறைந்தது. பிரேசிலில் 2019 ஜனவரியில் புருமாதின்யோ என்ற இடத்தில் இரும்புச் சுரங்கத்தின் கழிவுநீர் அணை உடைந்தபின் அங்கும் வரத்து சீராகவில்லை. சீனாவோ 2020இல் மட்டும் 100 கோடி டன்னுக்கு மேல் உருக்கு உற்பத்தி செய்து, கிடைத்த தாதுவில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. கன்டெய்னர் தட்டுப்பாட்டால் பழைய இரும்பின் இறக்குமதியும் விலையேற, அதை உருக்கும் ஆலைகளின் கம்பியும் ஆங்கிளும் சேனலும் கூடவே ஏறின.

இந்நிலையில்தான் நவம்பரில் நிவர் புயலும், அதையடுத்துப் புரெவி மழையும் வந்தன. கூரைத் தகடும் கதவும் கேட்டு வந்தவர்களுக்கு, முன்பணம் வாங்கிய நாளின் விலைக்கே வேலையை முடித்துக் கொடுத்துக் கைநட்டம் அடைந்த உறுப்பினர்கள் பலர். சொன்ன சொல் காத்த அவர்களை எண்ணி மனம் நிறைகிறது. ஆனால் அந்த நட்டத்தை ஒருவர் ஆண்டுதோறும் தாங்க இயலாது. எனவே, விலைப்புள்ளியில் சரக்கையும் கூலியையும் தனித்தனியே காட்டி, சரக்கு விலை ஒரு வாரத்துக்கே செல்லும் என்று எழுதித் தர வேண்டுமெனச் செயற்குழு தீர்மானித்தது. வாடிக்கையாளர் போய்விடுவார் என்று சிலர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே என்றாலும், எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடித்தால் அது நீங்கும் என்று நம்புகிறேன்.

2021 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் சிறு தொழில்களின் நெருக்கடியைக் கருதி, பல உருக்குப் பொருள்களின் சுங்க வரி 7.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, பழைய இரும்புக்கான வரி 2022 மார்ச் 31 வரை நீக்கப்பட்டது. உலகச் சந்தையே ஏறியிருந்ததால் விலை இறங்கவில்லை.

ஏப்ரலில் உருக்காலைகளின் ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குத் திருப்பப்பட்டபோது, ஆக்சிஜன் கொண்டு இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங் வேலையை நிறுத்திச் சிலிண்டர்களை மனமுவந்து கொடுத்தவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. சிலிண்டர் இன்னும் திரும்பி வராதவர்கள் அதன் எண்ணை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் சமர்ப்பிப்பார்கள்.