அது தீய்ந்த கோழி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். க்யூஷூ தீவு வரை ஒரு தமிழர் வந்து போய் எழுதியிருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் மியாசாகியில் இசகாயா என்ற மது-உணவுக் கடை ஒன்றில் தீய்ந்துபோன கோழியைக் கொண்டுவந்து வைத்தார்கள், தொடாமல் எழுந்துவிட்டோம் என்று அவர் எழுதிய இடத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. அது மோமோயாகி என்று இங்கே சொல்லும், கரித்தீயில் சுட்ட கோழித் தொடைக்கறி. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று ஆண்டுகளாக இதே மியாசாகி நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். முதல் சம்பளம் வந்த அன்று, கூட வேலை செய்யும் மூத்த பெண்மணி ஒருவர் என்னை நிஷிதாச்சிக்குக் கூட்டிப் போனார். இசகாயாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பகுதி அது. இசகாயாவை வெறும் மதுக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். வேலை முடிந்தவர்கள் நாலு தட்டு வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டு, பேசிச் சிரித்துவிட்டுப் போகும் இடம். அவர் ஷோச்சு என்ற இந்த ஊர் மதுவைக் குடித்தார், நான் ஊலாங் தேநீர் குடித்தேன். யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

அடுப்புக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. சமையல்காரர் தொடைக்கறியைத் துண்டு போட்டு, உப்புப் பிசறிக் கம்பிவலைமேல் கொட்டினார். கொழுப்பு உருகிக் கரிக்கங்கில் சொட்டச் சொட்ட, தீ குப்பென்று ஒரு முழம் எழும்பியது. நான் பயந்துவிட்டேன். அவரோ அந்தத் தீக்குள்ளேயே துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொழுப்பு எரிந்து கிளம்பும் கரும்புகை கறிமேல் படிகிறதே, தட்டில் தெரியும் கறுப்பு பெரும்பாலும் அதுதான். கறி கருகியதால் வருவது அல்ல. தீ பலமாக இருப்பதால் சீக்கிரம் வெந்துவிடுகிறது, உள்ளே சாறும் வற்றுவதில்லை.

சூடான இரும்புத் தட்டில் சொய்யென்ற சத்தத்தோடு வந்தது. ஓரத்தில் வெள்ளரித் துண்டுகள், ஒரு சிட்டிகை யூசு கோஷோ. யூசு என்ற எலுமிச்சை வகையின் தோலையும் பச்சை மிளகாயையும் உப்போடு சேர்த்து அரைப்பது அது, க்யூஷூவின் சொந்தச் சரக்கு. ஒரு துண்டைக் கடித்துவிட்டு உள்ளே பார்த்தேன். மேலே அடுப்புக்கரி நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று, நார்நாராக, சாறு மினுங்கியது. முதலில் புகை மணம், அப்புறம் உப்பு, மெல்ல மெல்லக் கோழியின் இனிப்பு. எங்கள் தட்டு 1,400 யென். கேட்காமலே முதலில் வைக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு, அதற்குத் தனியாக 300 யென். அதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம், இசகாயாக்களில் வழக்கமே அதுதான்.

கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஜிதோக்கோ என்று குட்டைக்கால் நாட்டுக்கோழி இனம் ஒன்று இருக்கிறது. குடியானவர்கள் ஜிதோ என்ற அந்தக் காலத்து அதிகாரிக்குக் காணிக்கையாகக் கொடுத்ததால் இந்தப் பெயர் என்பார்கள். 1943-ல் அதை நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். அதை வேறு இனங்களோடு சேர்த்து உருவாக்கிய கோழிக்கு 2004-ல் மியாசாகி ஜிதோக்கோ என்று பெயர் வைத்தார்கள். சாதாரண பிராய்லர் ஏறக்குறைய 50 நாளில் கடைக்கு வந்துவிடும். இதில் சேவலை 120 நாள், பெட்டையை 150 நாள் போல வளர்க்கிறார்கள். குஞ்சுப் பருவம் தாண்டியபின் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கோழிக்கு மேல் விடுவதில்லை. எல்லாக் கடையிலும் இதே கோழிதான் என்று சொல்லவில்லை. கடையின் உணவுப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால்தான் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும்.

கட்டுரையாளருக்கு இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பல கடைகளில் ஓயாதோரியா, வாகாதோரியா என்று கேட்பார்கள். முதலாவது முட்டையிட்டு முதிர்ந்த கோழி, மென்று மென்று தாடை வலிக்கும், ருசி அதிகம். இரண்டாவது இளங்கோழி. எங்கள் இல்லத்தில் தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவரிடம் மறுநாள் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது "ஓயாவா, வாகாவா?" என்றுதான். வாகா என்றேன். பல் இருக்கும்போதே ஓயா சாப்பிட்டுவிடு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த மாதச் சம்பளத்தில் அதையும் சாப்பிட்டேன்.

கட்டுரையாளர் மறுபடி இங்கே வந்தால் முதல் தடவைக்கு வாகாதோரி சொல்லட்டும். தட்டின் சத்தம் அடங்குவதற்குள் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கட்டும்.

உங்கள் வாசகி,
மியாசாகி, ஜப்பான்