ஏப்ரல் 9 காலை, யுத்த மயானம்

பெற்றோருக்கு வணக்கம்.

ஏப்ரல் 9 காலை 7 மணிக்குப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை திருகோணமலை நிலாவெளி வீதியில், இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரை அடக்கம் செய்த யுத்த மயானத்துக்குக் கூட்டிப் போகிறோம். 1942 இல் இதே நாள் காலையில்தான் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அவர்களின் குண்டுவீச்சில் மூழ்கியது.

1. ஆளுக்கு ஒரு கல்லறைக் கல். அதிலுள்ள பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த திகதி, வயது எல்லாம் கொப்பியில் எழுத வேண்டும். சில கற்களின் அடியில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கும், அதையும் விட வேண்டாம். போன கிழமை இடம் பார்க்கப் போனபோது ஒரு கல்லில் வயது 20 என்றிருந்தது. என் மூத்தவனின் வயது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

2. தொப்பி, தண்ணீர்ப் போத்தல். வெயில் தெரியும்தானே.

3. கற்களில் சாய்ந்து செல்பி வேண்டாம்.

4. குண்டு போட்ட நாளைப் பற்றி அப்பப்பா, அம்மம்மா சொன்ன கதை வீட்டில் இருந்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

வருகிறவர்கள் 6 ஆம் திகதி இரவுக்குள் பிள்ளையின் பெயரை இங்கே போடுங்கள். கட்டைவிரல் குறி மட்டும் போட்டால் கணக்கில் வராது. போன தடவை வான் வண்டியில் இடம் பத்தாமல் போனது அதனால்தான்.