பாப்பாவுக்கு, அந்த சிவப்புக் கல்லு விஷயமா

பாப்பா,

நேத்து நீ பேசிட்டிருக்கும்போதே லைன் கட்டாயிடுச்சு, கரண்ட் போனா இங்க டவரும் சேர்ந்து போயிடுது, அதான் வைபர்லயே எழுதிடறேன், வேலை முடிஞ்சு எம்ஆர்டில போறப்போ படி. லேப்ல அது ரூபி இல்ல, ரூபி மாதிரியே சிவப்பா இருக்கற ஸ்பைனல்ங்கிற வேற கல்லுன்னு சொல்லிட்டாங்கன்னு எங்கிட்ட சொல்றதுக்கு எவ்ளோ தயங்கின நீ, ஏதோ சாவு சேதி சொல்ற மாதிரி. அட கிறுக்கி, அது கெம்பு இல்லன்னு எனக்கு ஒம்போது வயசுலயே தெரியும். உங்க தாத்தாவுக்கு அது மண்ணுக்குள்ளேர்ந்து வந்த அன்னிக்கே தெரியும். முன்னாடியே சொல்லாதது என் தப்புதான், நீ சிங்கப்பூர் கிளம்பினப்போ உங்கம்மா அழுதுகிட்டே உன் கையில வச்சு அமுக்கிட்டா, ஏர்போர்ட் வாசல்ல நின்னுகிட்டு கல்லோட ஜாதகத்த எங்க படிக்கிறது.

எங்க ஐயா, அதான் உன் தாத்தா, 1926ல பர்மாவுக்கு வந்தாரு, பதினாலு வயசு. சிவகங்கைப் பக்கம் கிராமம், அவங்கப்பா மாட்டுத் தரகர். மழை இல்லாத வருஷத்துல மாட்ட விக்க ஊரே வரும், வாங்கத்தான் ஆள் இருக்காது. மெட்ராஸ்ல கப்பலேறி டெக்குல படுத்துகிட்டே ரங்கூன், அங்கேர்ந்து ரயில்ல மாண்டலே, ஒரு செட்டியார் கடையில சமையல்காரருக்குக் கையாள். மூணு வருஷக் கணக்கு முடிஞ்சா ஊருக்குப் போகலாம்னு பேச்சு. போகல. அப்புறம் 1930ல நெல்லு விலை தரைக்கு இறங்கி, கடன் வாங்கின குடியானவன் கையில பணமில்லாம நிலமெல்லாம் செட்டியாருங்க கைக்கு வந்துச்சு, நிலத்த வச்சு சோறு பொங்க முடியுமா, கடைங்க ஆளக் கொறச்சுது, மொத ஆளா கையாளுக்குத்தான் கணக்கு முடிச்சாங்க.

அந்த நேரத்துலதான் மோகோக்ங்கிற கெம்புச் சுரங்க ஊரு சேதி வருது. 1889லேர்ந்து அங்க இங்கிலீஷ் ரூபி கம்பெனி குத்தகை எடுத்து மெஷின் வச்சுத் தோண்டிட்டிருந்தான், இன்னிக்கும் ஊர் நடுவுல ஒரு ஏரி இருக்கே, அழகா இருக்குன்னு போட்டோ எடுத்தியே, அது அவன் தோண்டின குழிதான். ஃபிரான்ஸ்ல வெர்னாய்னு ஒருத்தர் அடுப்புலயே ரூபி செஞ்சு 1902ல வெளிய சொல்லிட்டாரு, மார்க்கெட் ஆடிப்போச்சு, 1925ல கம்பெனி திவால், 1931ல குத்தகையயும் விட்டுட்டுப் போயிட்டான். இனிமே சின்ன லைசென்ஸ் எடுத்து பழைய பர்மாக்காரன் முறையில யாரும் தோண்டலாம்னு ஆச்சு. ஐயா ஆத்துக் கப்பல்ல தபெய்ச்சின் வரைக்கும் போயி அங்கேர்ந்து 60 மைலு காட்டுப் பாதை, பாதி நடை பாதி மாட்டு வண்டி. கிட்டத்தட்ட 4000 அடி உயரம், குளிரு, அவரு கொண்டுபோனது ரெண்டு வேட்டியும் ஒரு கம்பளியும்.

கல்லுத் தொழில் ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. ஆனா ரெண்டு விஷயம் ஊர்லயே தெரிஞ்சு வச்சிருந்தாரு. அங்க துவின்லோன்னு சொல்ற குழி இருக்கும், ஆள் இறங்கற அளவு சதுரமா கீழ போய்கிட்டே இருக்கும், மண்ணு சரியாம இருக்க மூங்கிலும் தழையும் குடுத்து முட்டு வைப்பாங்க. மண்ணத் தூக்க நீள மூங்கில், ஒரு முனையில கூடை, இன்னொரு முனையில பாறாங்கல்லுக் கட்டு. ஐயா பாத்துட்டு "இது நம்ம ஊரு ஏத்தமுல்ல"ன்னு சிரிச்சாராம். இன்னொண்ணு வியாபாரம். அந்தக் காலத்துல விலைய வாயால சொல்ல மாட்டாங்க, துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் பிடிச்சுதான் பேசுவாங்க, சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. மாட்டுத் தரகன் மகனுக்கு அத யாரு சொல்லிக் குடுக்கணும்? கல்லு பாக்கத் தெரியறதுக்கு முன்னாடியே விரல் பிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான்னு மோகோக்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களாம் (அத அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும், கொஞ்சம் கொறச்சே நம்பு).

குழி எங்க போடறதுன்னு பாக்கறதுதான் அவரு வேலையா ஆச்சு. மலைச்சரிவுல நடந்துகிட்டே இருப்பாரு, ஓடைக்கரையில உக்காந்து மண்ண முறத்துல போட்டு அலசிப் பாப்பாரு. பியோன்னு சொல்ற அந்தப் பழுப்புக் களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்த படிவம் எங்க கிடக்குன்னு கண்டுபிடிச்சாத்தான் குழி. அதுல மொதல்ல கையில சிக்கறது கெம்பு இல்ல பாப்பா, இந்த ஸ்பைனல்தான். அது கிடைக்கிற எடத்துல பல தடவ கெம்பும் சேர்ந்து கிடக்கும். அதனால சின்னச் சின்னதா சிவப்பு ஸ்பைனல் முறத்துல பளிச்சுனு தெரிஞ்சா கம்ப நட்டு அடையாளம் வச்சுட்டு வருவாரு. பத்துக் குழியில எட்டு வெறும் குழி. அதையும் சொல்லிடணும், உங்க சித்தப்பா என்னமோ தாத்தா பெரிய ரூபி ராஜா மாதிரி உன் புருஷன் வீட்ல அளந்துவிட்டான்னு கேள்விப்பட்டேன். எங்க வீட்ல அரிசி டின்னு பல மாசம் காலிதான்.

இப்ப உன் கல்லுக்கு வரேன். கழுவி ஒதுக்கித் தள்ளுன மண்ணுல பொம்பளைங்க தேடலாம், கிடைச்சது அவங்களுக்கே சொந்தம், சுரங்கக்காரன் கேக்க முடியாது, அதுக்கு கனசேன்னு பேரு. உங்க புவா, அதான் நான் மே மேன்னு கூப்பிடற எங்கம்மா, அப்படி வந்த பொண்ணுதான். ஐயா கழுவித் தள்ளுன குப்பையில, அவரு ரெண்டு கண்ணால பாத்துட்டு விட்டதுல, அவங்க அந்தக் கல்ல எடுத்துட்டாங்க. எட்டு முகம், யாரும் பட்டை தீட்டாமலே பட்டை. நத்துங்க, அதாவது தேவதைங்க, தீட்டினதுன்னு எங்க மே மே சொல்லுவாங்க. அவங்க கெம்புன்னு நெனச்சு சந்தோஷத்துல அழுதாங்களாம். ஐயா வாங்கி வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கெம்பத் திருப்பினா ஒரு பக்கம் ஒரு சிவப்பும் இன்னொரு பக்கம் வேற சாயலும் தெரியும், இது எல்லாப் பக்கமும் ஒரே சிவப்பு. "இது கெம்பு இல்லம்மா"ன்னு சொன்னாரு. "நீ விட்டத நான் எடுத்துட்டேன்னு பொறாமை"ன்னாங்களாம் மே மே. அப்பிடித்தான் பேச்சே ஆரம்பிச்சுது ரெண்டு பேருக்கும். கல்யாணம் 1938, ரங்கூன்ல இந்தியாக்காரங்கள அடிச்ச அதே வருஷம். மே மே வீட்ல சும்மா விடுவாங்களா, அது வேற கதை, இன்னொரு நாளைக்கு.

யுத்தத்துல ஐயாவோட அண்ணன் ரங்கூன்லேர்ந்து எல்லையில இருக்கற தமு வழியா இந்தியாப் பக்கம் இம்பாலுக்கு நடந்து கிளம்பினாரு, 1942ல. அதுக்கு மேல அவரப் பத்தி ஒரு சேதியும் இல்ல. ஐயா நடக்கல, மே மேக்கு வயித்துல குழந்தை. அவ்ளோதான் அந்தக் கதை, அவரும் அதுக்கு மேல சொன்னதில்ல.

1964 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மே மாசம் 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னாங்க, தமிழ் ஆளுங்க மூட்டை கட்டி மெட்ராஸ் கப்பலுக்கு வரிசையில நின்னாங்க. ஒரு ராத்திரி எங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு, ஐயா ஊருக்குப் பக்கத்து ஊரு, அரிசி மில் வச்சிருந்து பறிகொடுத்தவரு. தங்கத்த கஸ்டம்ஸ்ல புடுங்கிக்கிறாங்க, ஒரு கெம்பு குடுங்க, வாய்க்குள்ள போட்டாவது கொண்டுபோயிடறேன்னு சொல்லி அவரு பொண்டாட்டியோட நாலு வளையல எடுத்து பாய் மேல வச்சாரு. மே மே உள்ளேர்ந்து அந்தக் கல்லக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. விளக்கு வெளிச்சத்துல அது என்னமா சிவந்துச்சு தெரியுமா. அவரு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. எங்க வீட்ல அன்னிக்கு ராத்திரி கஞ்சி, நான் அந்த நாலு வளையலத்தான் பாத்துட்டிருந்தேன். ஐயா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அண்ணே இது கெம்பு இல்ல, ஊர்ல போயி நின்னா இது உங்களுக்குச் சோறு போடாது"ன்னு கல்லத் திருப்பி வாங்கிக்கிட்டாரு. அவரு போனதுக்கப்புறம் மே மே ரெண்டு நாளு ஐயாகிட்ட பேசல. மூணாம் நாளு கல்ல எடுத்து மூஞ்சிக்குப் பூசற தனக்கா டப்பாக்குள்ள போட்டு மூடினாங்க, அதுக்கப்புறம் அத விக்கிற பேச்ச ரெண்டு பேருமே எடுக்கல. நான் பெரியவனானப்புறம்கூட எனக்கு அந்த வளையலுங்க மேல ஆசை போகல, உண்மையச் சொல்றேன்.

பொறவு சுரங்கமும் போச்சு, மாண்டலே வந்தோம், ஐயா கடைசி வரைக்கும் எஃப்ஆர்சி புக்குதான், வெளிநாட்டுக்காரன்னு பதிஞ்சு குடுக்கற புக்கு. 1987ல 25, 35, 75 சாட் நோட்டும் செல்லாதுன்னு ரேடியோவுல சொன்னப்போ அவரு படுத்த படுக்கை, டப்பாவக் கொண்டுவரச் சொல்லி கல்லப் பாத்துட்டு "இது செல்லும்டா"ன்னாரு. ஜோக்கா சொன்னாரா நிஜமா சொன்னாரான்னு தெரியல.

இப்ப கல்ல விக்கலாமான்னு நீ கேட்டதுக்கு வரேன். ஸ்பைனலுக்கே இப்ப நல்ல விலைன்னு அந்த லேப் பொண்ணு சொல்லுச்சுன்ன, வீட்டு முன்பணத்துக்கு ஆகும்னா வித்துடு பாப்பா, எனக்கு வருத்தமில்ல, கும்பிட்டு வைக்கிற கல்லு இல்ல அது. ஸ்பைனல்னு சொல்லி வில்லு, அவ்ளோதான். பட்டை மட்டும் தீட்ட விடாத, அப்படியே குடு. மார்ச் பூகம்பத்துல விரிஞ்ச சுவத்துக்குக் காசு அனுப்பறேன்னியே, இப்ப வேணாம், கொத்தனாரே கிடைக்கல.

எடை 3.87 கேரட்டுன்னு சொன்னியா? ஐயா எப்பவும் பழைய எடைக் கணக்குல நாலே கால் ரத்தின்னு சொல்லுவாரு. ரத்திக்கு 0.91 கேரட்டுன்னு போட்டுப் பெருக்கிப் பாத்தேன், அந்த ஒடஞ்ச பித்தளைத் தராசுல நிறுத்தது, சரியா வருது. சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து அனுப்பு, பிரிண்ட் போட்டு எஃப்ஆர்சி புக்குக்குள்ள வைக்கிறேன்.

அப்பா