தளவிளைவு கெடாமல் ஒளியைப் பிரிப்பது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி, அவளிடம் சொல். நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஒளியிழை கப்ளர்தான், ஓர் இழையில் வரும் ஒளியை இரண்டு இழைகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் அதே கருவி. ஆனால் நாம் அப்போது சேர்ந்து செய்த வகை இல்லை. ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, மாறாமல் காக்கும் வகை.

சாதாரண கப்ளர் உனக்குத் தெரியும். மேல்பூச்சை உரித்த இரண்டு இழைகளை ஒட்டிவைத்து, ஹைட்ரஜன் சுடரில் உருக்கி மெல்ல இழுப்போம். நடுப்பகுதி மெலிய மெலிய ஒளி, இழையின் மையத்தில் அதைச் சுமந்துசெல்லும் உள்ளகத்தில் அடங்காமல் பக்கத்து இழைக்கும் போகும். பாதிக்குப் பாதி வந்ததும் நிறுத்திவிடுவோம். இழையை எப்படித் திருப்பி வைத்தாலும் கவலையில்லை.

இங்கே அதுதான் முதல் கவலை. இந்த இழையில் உள்ளகத்தின் இருபுறமும் போரான் கலந்த கண்ணாடித் தண்டுகள் இருக்கின்றன. இழை குளிரும்போது அவை சுற்றியுள்ள சிலிக்காவைவிட அதிகம் சுருங்கி, உள்ளகத்தில் நிரந்தரமான தகைவை உண்டாக்குகின்றன. அதனால் தண்டுகளை இணைக்கும் திசை, அதற்குச் செங்குத்தான திசை என்ற இரண்டு அச்சுகளிலும் அதிரும் ஒளியின் வேகம் வேறுபடுகிறது, ஒன்றில் செலுத்திய ஒளி மற்றதற்கு எளிதில் கசிவதில்லை. ஆகவே சுடரை மூட்டும் முன்பே இரண்டு இழைகளின் அச்சுகளும் இணையாக இருக்க வேண்டும். 125 மைக்ரான் தடிமனுள்ள இழையைப் பக்கவாட்டில் ஒளியூட்டி, கேமராவில் தெரியும் வெளிச்சப் பட்டைகள் சமச்சீராக வரும்வரை சுழற்றுகிறேன். கோணம் 6 பாகை தப்பினாலே சுமார் 1 சதவீத ஒளி தவறான அச்சுக்குப் போய்விடும். சரியான அச்சிலுள்ள ஒளிக்கும் தவறான அச்சிலுள்ள ஒளிக்கும் உள்ள விகிதம் 20 டெசிபலோடு நின்றுவிடும்; இந்த எண் கூடக்கூடக் கலப்பு குறைவு. 1 பாகைக்குள் பிடித்தால் கணக்குப்படி 35 டெசிபல் வரை இடமிருக்கிறது. இழையின் இரு முனைகளையும் ஒரே கோணத்தில் பிடிக்காவிட்டால் நடுவில் முறுக்கு விழுந்துவிடும். எனக்கு அதிக நேரம் போவது இதில்தான்.

அப்புறம் அந்தத் தண்டுகளே ஒரு தொல்லை. அவற்றின் ஒளிவிலகல் எண் சிலிக்காவைவிடக் குறைவு. இழுக்கும்போது ஒளி உள்ளகத்தைவிட்டு விரிந்து வந்து தண்டுகளில் மோதுகிறது, இழப்பு ஏறுகிறது. தண்டுகளின் ஒளிவிலகல் எண்ணைச் சிலிக்காவோடு பொருத்திச் செய்த இழை கிடைத்தால் பாதிப் போராட்டம் தீரும். மற்ற இழையில் எவ்வளவு பொறுமையாக இழுத்தாலும் இழப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்பாய். ஒளியிழை ஜைராஸ்கோப்பை நினைத்துப் பார். வாலி, ஷார்ட்ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் செய்து காட்டியது. ஒளியை இரண்டாகப் பிரித்துச் சுருளில் எதிரெதிர் திசையில் அனுப்பி, திரும்பச் சேர்த்து, சுழற்சியை அளப்பார்கள். கப்ளரில் அச்சுகள் கலந்தால் கருவி அசையாமல் இருக்கும்போதே சுழல்வதுபோல் காட்டும்.

அதனால் இழுத்து முடித்ததும் தெரியும் அளவை நான் நம்புவதில்லை. குவார்ட்ஸ் தாங்கியில் பசைபோட்டு நிறுத்தி, வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு வரும் டெசிபல்தான் அந்தக் கப்ளரின் உண்மையான தரம். பசை கெட்டியாகும்போது சுருங்கி இழையை நெருக்குகிறது. நல்ல கப்ளர்கூட அங்கே கெட்டுப்போகும்.

நீ பசைகளோடு பல காலம் பழகியவன். புற ஊதா ஒளியில் இறுகும் வகைகளில் சுருக்கம் குறைவானது எது? வெப்பத்தில் இளகாததாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்