மூன்று வயதுக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

ஆசிரியருக்கு,

என் பேத்திக்கு மூன்றரை வயது. அவள் போகும் மழலையர் பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சில் பிடிக்கவே விரல் பழகவில்லை, அழுதுகொண்டே எழுதுகிறாள்.

அதே பிள்ளை, சித்திரைத் திருவிழாவில் வாங்கிய சொப்புச் சாமானை விரித்தால் ஒரு மணி நேரம் அசைவதில்லை. எனக்கு, தாத்தாவுக்கு, பூனைக்கு என்று மூன்று தட்டு. தட்டுக்கு இரண்டு புளியங்கொட்டை 'இட்லி'. பூனைக்கு ஒன்று குறைந்தால் தேடி எடுத்து வைக்கிறாள். (வாயில் போட்டுவிடாமல் நான் பக்கத்திலேயே இருப்பேன்.) கணக்கும் பேச்சும் அதிலேயே வந்துவிடுகின்றன. கொட்டையை இரு விரலால் பொறுக்குகிறாளே, பென்சில் பிடிக்க அதைவிடப் பயிற்சி வேண்டுமா?

2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டு வழிக் கற்றலையே வலியுறுத்துகிறது. பள்ளியில் கேட்டால், "பெற்றோர்தான் எழுதவைக்கச் சொல்றாங்கம்மா" என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை, என் மகனே நோட்டில் பக்கம் எண்ணுகிறவன்தான். சரி, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நோட்டைக் காட்டாமல், பிள்ளைகள் விளையாடுவதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்களேன்.

– ஒரு பாட்டி, செல்லூர், மதுரை